மடை பார்க்கிறவர்

சித்தன்னவாசலுக்குப் போகாமல் நம் கல்லூரியில் படித்து முடித்தவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். முதல் வருடத்திலேயே ஒரு சனிக்கிழமை கும்பலாகக் கிளம்பி, ஏழடிப்பட்டத்தில் ஏறி இறங்கி, அறிவர் கோயிலுக்குள் தலையைக் குனிந்து நுழைந்து, அண்ணாந்து பார்த்து, "இவ்வளவுதானா?" என்று ஒருவன் கேட்க, வெளியே வந்து கடலை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவது நம் சம்பிரதாயம். அப்படித் திரும்பியவர்களில் பெரும்பாலோர் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்தக் குகையைக் குடைந்தது யார் என்பது இன்றும் விவாதத்துக்குரிய விஷயம். மகேந்திரவர்ம பல்லவன் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். முற்காலப் பாண்டியர் பணி என்பது பிறகு வலுப்பெற்ற கருத்து. ஆனால் வெளியே பாறையில் உள்ள ஒரு கல்வெட்டு வேறொருவர் பெயரைத் தெளிவாகச் சொல்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்கிற சமண ஆசிரியர் உள்ளே இருந்த மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் ஒரு முகமண்டபமும் எடுத்தார் என்பது செய்தி. நாம் அண்ணாந்து பார்த்த அந்தத் தாமரைக்குளம், மீன், யானை, பூப்பறிக்கும் துறவி எல்லாம் இந்தப் புதுப்பிப்பு வேலையோடு வந்தவை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த முகமண்டபமும் பின்னால் சிதைந்து போயிற்று. இப்போது முன்னால் நிற்கிற தூண் மண்டபம் சமஸ்தான காலத்தில், 20-ஆம் நூற்றாண்டில், குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து எழுப்பியது.

ஆக, நாம் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்ப்பதில் பாதிக்கு மேல் மராமத்து வேலை. மராமத்து பார்த்தவர் பெயர் நிலைத்து, குடைந்தவர் பெயர் விவாதமாகிப் போனது அபூர்வம். சாதாரணமாக நடப்பது இதற்கு நேர் எதிர். அந்த எதிர்க் கதையைத்தான் என் தொழிலிலிருந்து சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் கண்மாய்.

வற்றாத ஆறு ஓடாத மாவட்டம் நம்முடையது. வெள்ளாறு, அக்னியாறு எல்லாம் மழைக்குத்தான் ஆறு. அதனால் ஊருக்கு ஊர் கண்மாய், ஏந்தல், ஊரணி என்று வெட்டி வைத்தார்கள். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பழைய கண்மாய்களில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குமிழி. கீழே ஒரு கல் தொட்டி, அதில் துளை, துளைக்கு ஓர் அடைப்பு. கண்மாய் நிறைந்திருக்கும்போது ஓர் ஆள் நீந்திப் போய், அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் போகிற வழியாக வயலுக்கு இறங்கும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929-இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. நம் பக்கத்துக் கல்வெட்டுகளில் குமிழி செய்து வைத்தவர் பெயரைச் சொல்பவை உண்டு. அதே குமிழியில் வருஷா வருஷம் மூழ்கி எழுந்தவர் பெயரை வெட்டி வைக்கும் வழக்கம் பொதுவாக இல்லை.

பெயர் வெட்டவில்லை என்றாலும் அவருக்குப் பங்கு வைத்தார்கள் என்பதுதான் முக்கியம். ஏரியைப் பராமரிப்பதற்கென்றே ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிறது. உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்லும் வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. பிற்காலத்தில் கிராமங்களில் நீர்பாய்ச்சுகிறவருக்குக் களத்திலேயே நெல் அளந்து கொடுத்துவிடுவார்கள். விளைச்சலை வீட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே அவர் பங்கு. கரைக்கு மண் போட எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும்; அது குடிமராமத்து. இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மடை பார்க்கும் வேலை எந்தச் சாதிக்காரர் தலையில் விழுந்தது, அளந்த நெல் போதுமானதாக இருந்ததா என்று கேட்டால் பதில் அவ்வளவு அழகாக இருக்காது. குடிமராமத்துக்கும் ஆள் தானாக வந்துவிடவில்லை. பக்கத்து மதராஸ் ராஜதானியில் 1858-இல் கட்டாய வேலைச் சட்டம் ஒன்றே போட வேண்டியிருந்தது. நான் சொல்வது ஒன்றுதான்: வெட்டுவது ஒரு வேலை, வெட்டியதைக் காப்பது இன்னொரு வேலை, இரண்டாவதற்கும் நெல் வேண்டும் என்பது அவர்கள் கணக்கில் இருந்தது.

இனி மென்பொருள்.

இன்று உங்கள் செல்போனில் ஓடுகிற எந்தச் செயலியை எடுத்துப் பிரித்தாலும், அதை விற்கிற கம்பெனி எழுதியது மேல்பூச்சு மட்டும்தான். உள்ளே அஸ்திவாரமாக இருப்பவை ஓப்பன் சோர்ஸ் நிரல்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். கண்மாய்த் தண்ணீர் மாதிரி. மாணவர்கள் இதை 'ஃப்ரீ' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எழுதி முடித்தால் வேலை முடிந்தது என்றும் நினைக்கிறார்கள். நிரல் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியிருப்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் மாறும், பிராசஸர் மாறும், கம்பைலர் மாறும், அரசாங்க விதி மாறும், திருடர்கள் புதிய வழி கண்டுபிடிப்பார்கள். மாற்றாமல் வைத்த நிரல் இரண்டு மூன்று வருடத்தில் ஓடாமல் போகும், அல்லது ஓட்டையோடு ஓடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளை மெயின்டெய்னர் என்கிறோம். பல இடங்களில் அவர் ஒரே ஆள். பகலில் வேறு வேலை, இரவில் இது.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. மணமேல்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கட்டுமாவடி, சேதுபாவாசத்திரம் தாண்டி அதிராம்பட்டினம். தஞ்சாவூர் மாவட்டம்தான் என்றாலும் நம் கடற்கரைக்கு அண்டை ஊர். அந்த ஊர்க்காரர் உமர்தம்பி. 1953-இல் பிறந்தவர், வளைகுடாவில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்.

2000-களின் தொடக்கம் எப்படி இருந்தது என்று இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம் பிடித்துவிட்டது. ஆனால் பிரவுசிங் சென்டரில் இருந்த கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 98. அதற்கு யூனிகோடுத் தமிழைக் காட்டத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் எழுத்துரு செய்து, ஆங்கில எழுத்து உட்காரும் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தன. ஒருவர் எழுத்துருவில் அடித்தது இன்னொருவர் கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் டேம், டேப் என்று அரசு இரண்டு தரம் அறிவித்தது. இணையத்தில் ஏற்கெனவே டிஸ்கி என்று வேறொன்று புழங்கிக்கொண்டிருந்தது. ஆக, பிரச்சினை தீர வந்தவையும் வரிசையில் சேர்ந்துகொண்டன.

உமர்தம்பி செய்தது தேனீ என்ற யூனிகோடு எழுத்துரு. அதை இயங்கு எழுத்துருவாக்கி இணையப் பக்கத்தோடு கோத்துவிட்டால், பார்க்கிறவர் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துருவே இல்லாவிட்டாலும், அது பழைய விண்டோஸ் 98 ஆகவே இருந்தாலும், பக்கம் தமிழில் திறக்கும். தமிழ் யூனிகோடு இணையத்தில் பரவிய முதல் வருடங்களில் எத்தனையோ பக்கங்கள் தேனீயைக் கொண்டு படிக்கக் கிடைத்தன. தட்டச்சு செய்யவும் சின்னச் சின்னக் கருவிகள் செய்தார். எல்லாம் இலவசம். கேள்வி கேட்டு எழுதியவர்களுக்குப் பதில் எழுதுவதும் அவரே. 2006 ஜூலை 12-ஆம் தேதி காலமானார், வயது 53. பிறகு விண்டோஸ் எக்ஸ்பி எல்லா இடத்துக்கும் வந்து யூனிகோடு தமிழ் தானாகவே தெரிய ஆரம்பித்ததும் தேனீக்குத் தேவை குறைந்தது. எந்தக் குறையைப் போக்கச் செய்தாரோ அந்தக் குறையே இல்லாமல் போனதால், அவர் செய்ததும் மறந்து போயிற்று. நம் மாவட்டத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று யாராவது ஒரு செமினாரில் கேட்டுப் பார்க்கலாம்.

எழுத்துருக் குழப்பத்துக்கு இன்னொரு மருந்து ஜெர்மனியிலிருந்து வந்தது. ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் 'பொங்குதமிழ்' என்று ஒரு மாற்றியை எழுதி வைத்தார். பழைய எழுத்துருவில் இருப்பதை ஒரு பெட்டியில் போட்டால் இன்னொரு பெட்டியில் யூனிகோடாக வரும். இந்த மலரின் முந்தைய இதழ்களில் சிலவற்றின் கோப்புகள் ஒரு குறுந்தகட்டில் பத்திரமாக இருக்கின்றன. திறந்தால் பேஜ்மேக்கர் காலத்து எழுத்துரு; முதல்வர் வாழ்த்துரை முதல் விளம்பரம் வரை புரியாத குறிகள். அச்சடித்த பிரதி கையில் இருந்தும் கோப்பைப் படிக்க முடியாத வேடிக்கை. இப்படிப்பட்டவற்றை மீட்க இன்றைக்கும் நாம் போய் நிற்பது யாரோ ஒருவர் சொந்த நேரத்தில் எழுதிவிட்டுப் போன எழுத்து அட்டவணையின் வாசலில்தான். அந்த அட்டவணையில் நம் எழுத்துரு இல்லையென்றால், உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கையால் சேர்க்க வேண்டியதுதான்.

தட்டச்சுக்கு வந்தது இ-கலப்பை. ஆஸ்திரேலியாவில் இருந்த முகுந்தராஜ் 'தமிழா' குழுவின் பெயரில் வெளியிட்டது. அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் விழும் வித்தையை ஏராளமானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அதன் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்ற வேறொரு மென்பொருளின் மேல் நின்றன. அந்தக் கீமேன் யார்? மார்க் டர்டின் என்ற ஆஸ்திரேலியர் 1993-இல், லாவோ மொழியைத் தட்டச்சு செய்வதற்காக எழுத ஆரம்பித்தது. அதாவது அறந்தாங்கியில் ஒரு டி.டி.பி. கடையில் தமிழில் மனு அடித்தால், அதற்கு அடியில் லாவோ மொழிக்காக ஒருவர் தனியாகப் போட்ட அஸ்திவாரம் இருந்தது. இ-கலப்பை பிறகு கீமேனை விட்டுவிட்டுத் தானே நிற்கும்படி மாற்றி எழுதப்பட்டது. கீமேன் 2015-இல் எஸ்.ஐ.எல். என்ற மொழி அமைப்பின் கைக்குப் போய், அதன் பின் ஓப்பன் சோர்ஸ் ஆனது. நல்ல முடிவுதான். எல்லாவற்றுக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

கேரளத்துக்காரர்கள் இதில் நம்மைவிடச் சாமர்த்தியம் என்பது என் அபிப்பிராயம். அங்கே 2000-களின் தொடக்கத்திலேயே 'ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்று ஒரு குழு அமைந்து, எழுத்துரு, எழுத்துப்பிழை திருத்தி எல்லாவற்றையும் கூட்டாக வைத்துக்கொண்டது. ஒருவர் சலித்து விலகினால் இன்னொருவர் கையில் எடுக்கிறார். நம்மிடம் ஆள் குறைவில்லை, திறமைக்கும் குறைவில்லை. ஆளுக்கொரு கிணறு வெட்டுவதில்தான் நமக்குப் பிரியம்.

இது தமிழுக்கு மட்டும் வந்த சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். உலகத்துக்கே பூட்டுப் போடுகிற நிரல் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். பேங்க் வலைதளத்தில் பூட்டுப் படம் தெரிகிறதே, அதற்குப் பின்னால் பெரும்பாலான இடங்களில் அன்று இருந்தது அதுதான். 2012 மார்ச்சில் வந்த பதிப்பில் ஒரு தவறு நுழைந்தது. 2014 ஏப்ரல் 7-ஆம் தேதி ஹார்ட்பிளீட் என்ற பெயரில் அது வெளியானபோது உலகம் அலறியது. அப்புறம்தான் விசாரித்தார்கள். முழுநேரமாக அதில் இருந்தவர் ஸ்டீபன் ஹென்சன் என்ற ஒரே ஒருவர். வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். அதைப் பயன்படுத்திய கம்பெனிகளின் லாபம் கோடானுகோடி. அந்த மாதமே லினக்ஸ் ஃபவுண்டேஷன் முன்னின்று கூகுள், மைக்ரோசாஃப்ட் முதலான கம்பெனிகளை ஆளுக்கு வருடம் 1 லட்சம் டாலர் போட வைத்தது. ஜெர்மனியில் வெர்னர் கோச் கதையும் இதே ரகம். 1997-லிருந்து ஜி.என்.யு.பி.ஜி. என்ற ரகசியக் குறியீட்டு நிரலைத் தனியாகக் காத்துக்கொண்டிருந்தவர், 2013-இல் போதும் என்று விட்டுவிடும் நிலைக்கு வந்தார். 2015 பிப்ரவரியில் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்த பிறகுதான் பணம் வந்தது.

பணம் இல்லாதது ஒரு கஷ்டம். அதைவிடப் பெரிய கஷ்டம் வேறு என்று 2024-இல் தெரிந்தது. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் திருட்டுக் கதை மாதிரித் தெரிந்தாலும் இது ஒரு மனிதன் களைத்துப்போன கதை.

எக்ஸ்.இஸட். என்பது கோப்புகளைச் சுருக்குகிற நிரல். லினக்ஸ் ஓடுகிற இடத்திலெல்லாம் இருக்கும். ஃபின்லாந்துக்காரர் லாஸெ கொலின் அதைப் பல வருடங்களாகத் தனியாகப் பார்த்து வந்தார். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்ப ஆரம்பித்தார். 2022-இல் வேறு சில பெயர்களிலிருந்து புகார்கள் வர ஆரம்பித்தன: ஏன் இவ்வளவு தாமதம், உங்களால் முடியவில்லை என்றால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்கிற ரீதியில். கொலின் பொறுமையாகப் பதில் எழுதினார். நீண்ட நாளாக மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்பது அதன் சாரம். இந்த நிலையில் ஒருவர் வந்து, "நான் பார்த்துக்கறேன், நீங்க ஓய்வெடுங்க" என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஜியா டான் கையில் சாவி போயிற்று. அந்தப் புகார்ப் பெயர்களும் ஜியா டானும் ஒரே நாடகத்தின் பாத்திரங்கள் என்பதே இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்று இன்று வரை அம்பலமாகவில்லை.

2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் ஒரு கள்ளக்கதவு வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியையே திறந்துவிடக்கூடிய கதவு. உலகத்தின் சர்வர்களுக்கெல்லாம் அது போய்ச் சேர இன்னும் சில வாரங்கள்தான் பாக்கி. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, தன் கம்ப்யூட்டரில் லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்தார். அரை விநாடி! நாமாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறந்திருப்போம். அவர் விடாமல் தோண்டி, மார்ச் 29-ஆம் தேதி வெளியே சொன்னார்.

கம்பெனிகள் இதிலிருந்து கற்றது என்ன? நான் வேலை பார்க்கிற துறையில், பாதுகாப்புப் படிவம் ஒன்று கூடுதலாக வந்தது. எந்தெந்த ஓப்பன் சோர்ஸ் நிரல் பயன்படுத்துகிறோம் என்று பட்டியல் எழுத வேண்டும். நல்ல காரியம்தான். ஆனால் பட்டியலில் உள்ளவர்களில் யார் தனி ஆள், அவருக்கு எப்படிச் சோறு கிடைக்கிறது என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

என் சொந்த அனுபவம் மிகச் சிறியது, ஆனாலும் சொல்கிறேன். யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் வரிசை நம் அகர வரிசை இல்லை. ந-வுக்கு அடுத்தபடி ன வரும், ர-வுக்குப் பிறகு ற வரும், ல ள ழ வ என்று போகும், நடுவில் ச-வுக்குப் பிறகு ஜ உட்கார்ந்திருக்கும். அதனால் கம்ப்யூட்டரிடம் பெயர்ப்பட்டியலை அப்படியே வரிசைப்படுத்தச் சொன்னால் தமிழ் வாத்தியார் பிரம்பை எடுப்பார். இதைச் சரியாக வரிசைப்படுத்த நான் கல்லூரியை விட்டு வந்த புதிதில் ஒரு சின்ன நிரல் எழுதிப் பொதுவில் வைத்தேன். முந்நூறு வரிகூட இருக்காது. அதை யார் யாரோ எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பது, புகார்க் கடிதங்கள் வர ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் ராத்திரி, பையனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கம்பெனியிலிருந்து கடிதம்: உங்கள் நிரலால் எங்கள் வாடிக்கையாளர் வேலை நிற்கிறது, நாளைக் காலை பத்து மணிக்குள் சரிசெய்து தெரிவிக்கவும். நன்றி என்ற சம்பிரதாய வார்த்தைகூட இல்லை. அவர்களிடம் நான் ஒரு பைசா வாங்கியதில்லை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இவங்ககிட்ட எப்போ வேலைக்குச் சேர்ந்தீங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. முந்நூறு வரிக்கே இப்படி என்றால், கொலினுக்கு எப்படி இருந்திருக்கும் என்று 2024-இல் செய்தி படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

விட்டுவிடலாமே என்பீர்கள். கண்மாயிலும் அந்தப் பேச்சு உண்டு. மடை பார்க்கிறவர் விட்டுவிட்டால் மறுநாளே எதுவும் ஆகாது. இரண்டு மழை தாங்கும். அப்புறம் ஒரு வருஷம் கரை போகும்.

நம் ஊரிலேயே தனி ஆள் காத்த பொதுச்சொத்துக்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு: திருக்கோகர்ணம் ஞானாலயா. ஆசிரியராக இருந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் பேராசிரியராக இருந்த அவர் மனைவி டோரதியும் தங்கள் சம்பளத்தில் சேர்த்துக் கட்டிய நூலகம். ஒரு லட்சம் புத்தகங்கள். எங்கெங்கிருந்தோ ஆராய்ச்சி மாணவர்கள் வந்து குறிப்பெடுத்துப் போனார்கள். வாங்குவதோடு முடிகிற வேலையா அது? தூசி தட்ட வேண்டும், கரையான் பார்க்க வேண்டும், அட்டவணை போட வேண்டும், வந்தவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா இப்படித்தான் வீடு நிறையப் புத்தகமும் பத்திரிகையும் சேர்த்துத் தனியாகக் காத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. கோட்டையூர்ச் சேகரிப்புக்குச் சிகாகோவிலிருந்து ஏரிப்பட்டி வர வேண்டியிருந்தது என்பதில் நமக்குப் பெருமைப்பட எவ்வளவு இருக்கிறதோ, யோசிக்கவும் அவ்வளவு இருக்கிறது.

மென்பொருளுக்கு ஏரிப்பட்டி இப்போதுதான் மெல்ல வருகிறது. 2022-இல் ஜெர்மனி அரசு இதற்கென ஒரு நிதி தொடங்கியது. நம் நாட்டில் ஸெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் ஃபிளாஸ் ஃபண்ட் என்று ஆரம்பித்து, வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குத் தருவதாக அறிவித்தது. பங்குச் சந்தைக் கம்பெனி ஒன்று தன் வியாபாரம் எந்தக் கண்மாயில் பாய்கிறது என்று உணர்ந்து நெல் அளக்க முன்வந்தது சந்தோஷம்தான். மற்ற பெரிய கம்பெனிகள், அதாவது நம்மில் பலர் சம்பளம் வாங்குகிற இடங்கள், இன்னும் களத்துமேட்டுக்கு வரவில்லை. மேனேஜர் பதவியில் இருக்கும் நம் சீனியர் அண்ணன்கள் இதைப் படித்தால், அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று பார்க்கலாம். உங்கள் கம்பெனி ஒரு வாரயிறுதிப் பார்ட்டிக்குச் செலவழிக்கிற தொகை போதும், ஒரு நிரலை ஒருவர் வருஷம் முழுக்கக் காப்பதற்கு.

ஆனால் பணத்தைக் காட்டிலும் இரண்டாவது ஆள் முக்கியம் என்று நினைக்கிறேன். எக்ஸ்.இஸட். கதையில் கொலினுக்கு வேண்டியிருந்தது, நம்பிச் சாவி கொடுக்கக்கூடிய ஒரு மனிதர். அந்த இடம் காலியாக இருந்ததால் திருடன் வந்து உட்கார்ந்தான். இங்கேதான் நம் மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. இறுதி ஆண்டு ப்ராஜெக்ட் என்று வருஷா வருஷம் அதே லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டத்தையும் அட்டெண்டன்ஸ் சிஸ்டத்தையும் புதிது புதிதாக எழுதி, வைவா முடிந்ததும் பெட்டியில் போடுகிறோம். நானும் அந்த வரிசையில் வந்தவன்தான். அதற்குப் பதில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஒரு தமிழ் நிரலை எடுத்து, ஒரு பிழை திருத்தி, ஒரு விளக்கக் குறிப்பு எழுதினால் அதையும் ப்ராஜெக்டாகத் துறை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று துறைத் தலைவரிடம் பேசியிருக்கிறேன். "புதுசா எதுவும் இல்லையேப்பா, எக்ஸ்டர்னல் கேட்டா என்ன சொல்றது?" என்றார். நியாயமான கேள்விதான். இளங்கௌதமனைக் காட்டலாம் சார் என்றேன். சிரித்தார், மறுக்கவில்லை.

போன ஜூனிலிருந்து மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருவர் என் வரிசை நிரலைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருவர் ஊர் கீரனூர், இன்னொருவர் ஆலங்குடி. முதல் மாதம் கேள்வி மட்டும் கேட்டார்கள். இரண்டாவது மாதம், க்ஷ எங்கே வர வேண்டும் என்று எனக்கும் அவர்களுக்கும் ஒரு சண்டை. அவர்கள் பழைய அகராதி ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு வாதாடினார்கள். இப்போது வருகிற கடிதங்களில் பாதிக்கு அவர்களே பதில் எழுதுகிறார்கள். 'நாளைக் காலை பத்து மணிக்குள்' ரகக் கடிதம் மறுபடி ஒன்று வந்தது. ஆலங்குடிப் பெண் அதற்கு எழுதிய பதிலை அனுப்புமுன் என்னிடம் காட்டினார். எங்கள் பரீட்சை பதினெட்டாம் தேதி முடிகிறது, அதற்குப் பிறகு பார்க்கிறோம். அவசரம் என்றால் மூலநிரல் திறந்தே இருக்கிறது, நீங்களே திருத்தி அனுப்பலாம், சரிபார்த்துச் சேர்த்துக்கொள்கிறோம் என்று இருந்தது. ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பச் சொன்னேன்.